கிளிஞ்சல் தேடி வந்த ஆசிரியர்

1877ஆம் ஆண்டு ஜூன் மாதம். யோகோஹாமாத் துறைமுகத்திலிருந்து டோக்கியோ நகரை நோக்கி ஒரு புகைவண்டி சென்றுகொண்டிருந்தது. ஜப்பான் நாட்டில் முதன்முதலாகப் போடப்பட்ட இருப்புப்பாதை அது. திறந்து ஐந்து ஆண்டுகள்கூட நிறையவில்லை. வண்டியில் சன்னல் ஓரமாக அமெரிக்கர் ஒருவர் அமர்ந்திருந்தார். கப்பலை விட்டு இறங்கி ஓரிரு நாட்களே ஆகியிருந்தன. ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாது.

ஓமோரி என்னும் சிறு நிலையத்தை வண்டி கடந்தது. பாதை போடுவதற்காக அங்கே ஒரு மேட்டை வெட்டியிருந்தார்கள். வெட்டிய சரிவில், மண்ணுக்கு நடுவே வெள்ளை நிறத்தில் ஓர் அடுக்கு தெரிந்தது. சில நொடிகளில் வண்டி அதைக் கடந்து போய்விட்டது. ஆனால் அந்த அமெரிக்கருக்கு அந்த நொடிகள் போதுமாயிருந்தன. அவை கிளிஞ்சல்கள், இயற்கையாகப் படிந்தவை அல்ல, மிகப் பழங்கால மனிதர் தின்று எறிந்தவை என்று அவர் கண்டுகொண்டார்.

அந்த மேட்டை வெட்டிய பொறியியலாளர்கள் அதைப் பார்த்திருந்தார்கள். மண் சுமந்த கூலியாட்கள் பார்த்திருந்தார்கள். ஐந்தாண்டுகளாக ஆயிரக்கணக்கான பயணிகள் அவ்வழியே போய் வந்திருந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டும் கருத்தில் படாதது, வந்து இரண்டு நாளான அயல்நாட்டார் ஒருவருக்கு எப்படிப் புலப்பட்டது? அவர் யார்? அந்தப் பார்வையை ஜப்பானிய மாணவர்களுக்கு அவர் எப்படிக் கற்றுக் கொடுத்தார்? இக்கட்டுரையில் காண்போம்.

பள்ளிகள் விலக்கிய மாணவர்

அவர் பெயர் எட்வர்ட் சில்வெஸ்டர் மோர்ஸ். தந்திக் குறிகளை வகுத்த சாமுவேல் மோர்ஸ் வேறு, இவர் வேறு. இவர் 1838ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் உள்ள மெய்ன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரில் பிறந்தார்.

பின்னாளில் பேராசிரியராக விளங்கிய இவர், சிறுவனாக இருந்தபோது ஆசிரியர்களுக்குப் பெருந்தொல்லையாக இருந்தார். ஒரு பள்ளியில் மேசைகளைக் கத்தியால் செதுக்கியதற்காக வெளியேற்றப்பட்டார். வேறு பள்ளிகளிலும் அவர் நிலைக்கவில்லை. பாடப்புத்தகத்தில் மனம் ஒட்டாத அச்சிறுவன் கடற்கரையிலும் காட்டிலும் சுற்றிக் கிளிஞ்சல்களையும் நத்தைகளையும் சேகரித்தான். பதினெட்டு வயது அளவில், அதுவரை யாரும் விவரித்திராத ஒரு சின்னஞ்சிறு நிலநத்தை இனத்தைக் கண்டுபிடித்தான். அவனுடைய கிளிஞ்சல் தொகுப்பைப் பார்ப்பதற்கென்றே வெளியூர் அறிஞர்கள் வந்தார்கள்.

பெத்தேல் என்னும் ஊரில் நத்தானியல் ட்ரூ என்ற ஆசிரியர் ஒருவர், இந்த முரட்டு மாணவனிடம் இருந்த இயற்கை ஆர்வத்தை அறிந்து ஊக்கமளித்தார். பிழைப்புக்காக மோர்ஸ் புகைவண்டி எஞ்சின் செய்யும் தொழிற்சாலையில் படம் வரைபவராக வேலை பார்த்தார். மரத்தில் படம் செதுக்கினார். கைத்திறன் வளர்ந்தது. பிற்காலத்தில் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் கரும்பலகையில் படம் வரையும் அளவுக்கு அது முதிர்ந்தது.

அந்தத் திறனே அவருக்கு ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் கதவைத் திறந்தது. அங்கே விலங்கியல் அருங்காட்சியகத்தை நடத்திவந்த லூயி அகாசி, 1859ஆம் ஆண்டு மோர்ஸைத் தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அகாசியின் கற்பிக்கும் முறை புகழ்பெற்றது. புதிய மாணவன் ஒருவனிடம் ஒரு மீனையோ சில சிப்பிகளையோ கொடுத்து, அதில் என்ன காண்கிறாய் என்று கேட்பார். புத்தகத்தைப் புரட்டக்கூடாது. மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில், அதையே பார்த்துக் கொண்டிருக்க வேண்டும்.

அதே ஆண்டு நவம்பரில் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூல் வெளிவந்தது. உயிரினங்கள் மாறி மாறி வந்துள்ளன என்ற அக்கருத்தை அகாசி கடுமையாக எதிர்த்தார். ஆனால் பார்க்கக் கற்றுக்கொண்ட மாணவர்கள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மோர்ஸ் சான்றுகளை எடைபோட்டு, காலப்போக்கில் டார்வின் பக்கம் சாய்ந்தார். ஆசிரியர் கொடுத்த கண்களைக் கொண்டே ஆசிரியரின் கருத்தைத் தள்ளிய மாணவர் அவர். பின்னால் வரப்போவதைப் புரிந்துகொள்ள இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மோர்ஸ் கல்லூரிப் படிப்பு எதையும் முடித்துப் பட்டம் பெற்றவரல்லர். இருந்தும் 1871இல் தம் மாநிலத்தின் பௌடாயின் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். பிராக்கியோபாடுகள் என்னும் கடல் உயிர்களே அவருடைய சிறப்பு ஆராய்ச்சி. இவை பார்வைக்குச் சிப்பிகளைப் போல இரட்டை ஓடு கொண்டவை. அதனால் அக்காலத்தில் இவற்றைச் சிப்பி நத்தைகளோடு சேர்த்து, மெல்லுடலிகள் வகுப்பில் வைத்திருந்தார்கள். ஓட்டை மட்டும் பார்க்காமல் உள்ளுறுப்புகளையும் வளர்ச்சி நிலைகளையும் ஆராய்ந்த மோர்ஸ், இவை மெல்லுடலிகள் அல்ல என்று நிறுவினார். ஜப்பானியக் கடலில் பிராக்கியோபாடுகள் நிறைய உண்டு என்று கேள்விப்பட்டு, அவற்றைத் தேடியே தம் செலவில் கப்பலேறினார். ஆசிரியர் வேலைக்காக அவர் ஜப்பானுக்குப் போகவில்லை.

அன்றைய ஜப்பான்

அன்றைய ஜப்பானின் நிலையைச் சற்றே பார்ப்போம். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக வெளியுலகத் தொடர்பை மிகக் குறுகிய அளவில் வைத்திருந்த அந்நாட்டில், 1868ஆம் ஆண்டு ஆட்சி மாறியது. மெய்ஜி காலம் எனப்படும் புதிய காலம் பிறந்தது. அறிவு உலகில் எங்கிருந்தாலும் தேடிப் பெறவேண்டும் என்பது புதிய அரசு வெளிப்படையாக அறிவித்த கொள்கைகளில் ஒன்று. 1871இல் கல்வி அமைச்சகம் ஏற்பட்டது. 1872இல் நாடு முழுவதற்குமான பள்ளித் திட்டம் வெளியிடப்பட்டது. 1877 ஏப்ரலில், ஏற்கெனவே இருந்த இரண்டு உயர் கல்விக்கூடங்களை இணைத்து டோக்கியோப் பல்கலைக் கழகத்தை அமைத்தார்கள்.

கட்டடம் கட்டிவிடலாம், கற்பிக்க யார் இருக்கிறார்கள்? ஆகவே பிரிட்டன், ஜெர்மனி, பிரான்சு, அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்து ஆசிரியர்களையும் பொறியியலாளர்களையும் மருத்துவர்களையும் ஜப்பான் அரசு கூலிக்கு அமர்த்தியது. அவர்களுக்கு மிக உயர்ந்த சம்பளம் கொடுத்தது. ஆனால் ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கு மட்டுமே. அதற்குள் தம் மாணவர்கள் கற்றுத் தேறி அந்த இடங்களில் அமர வேண்டும் என்பது அரசின் கணக்கு. நாட்டின் நிலை அவ்வளவு அமைதியாகவும் இல்லை. மோர்ஸ் வந்து இறங்கிய வேளையில் தெற்கே கியூஷூத் தீவில், சைகோ தகாமோரியின் தலைமையில் எழுந்த கிளர்ச்சியை அடக்க அரசுப் படைகள் போரிட்டுக் கொண்டிருந்தன.

மோர்ஸ் டோக்கியோவுக்குப் புகைவண்டி ஏறியது, கடலில் உயிரினங்களைச் சேகரிக்க அனுமதி கேட்பதற்காக. கல்வி அமைச்சகத்தின் ஆலோசகராக இருந்த டேவிட் மர்ரே என்ற அமெரிக்கரை அவர் சந்தித்தார். அனுமதி கேட்கப் போனவருக்கு அனுமதியோடு ஒரு வேலையும் கிடைத்தது. பிறந்து இரண்டு மாதமே ஆன பல்கலைக் கழகத்துக்கு விலங்கியல் பேராசிரியர் தேவைப்பட்டார். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். பள்ளிக்கூடங்கள் பல வெளியேற்றிய மனிதரை ஒரு நாட்டின் முதற்பல்கலைக் கழகம் அழைத்து ஆசனம் கொடுத்தது!

குடிசையில் ஓர் ஆய்வுக்கூடம்

வகுப்புகள் தொடங்க இன்னும் நாள் இருந்தது. டோக்கியோவுக்குத் தென்மேற்கே எனோஷிமா என்றொரு சிறு தீவு. அங்கே மீனவர் குடிசை ஒன்றை வாடகைக்குப் பிடித்த மோர்ஸ், அதையே கடலுயிர் ஆய்வுக்கூடமாக மாற்றினார். அந்தக் கோடைக்காலத்தில் சில வாரங்கள் அங்கே தங்கி, வலை போட்டுக் கடலடி உயிர்களை வாரி எடுத்து ஆராய்ந்தார். தேடி வந்த பிராக்கியோபாடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பல்கலைக் கழக அருங்காட்சியகத்துக்கான தொகுப்பும் சேர்ந்தது. பசிபிக் கடற்கரையிலேயே மிகத் தொடக்கத்தில் தோன்றிய கடலுயிர் ஆய்வுக்கூடங்களில் அந்தக் குடிசை ஒன்றாகும்.

செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கின. அன்று பல்கலைக் கழகத்தில் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. மாணவர்களில் பலர் சாமுராய் எனப்படும் போர்வீரர் குடும்பத்துப் பிள்ளைகள். வாளேந்திய தந்தையரின் மக்கள் இப்போது நுண்பெருக்காடியைக் கையில் எடுத்தார்கள். நூலில் எழுதியதை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பது அவர்கள் வளர்ந்த கல்வி முறை. மோர்ஸ் அவர்களுக்கு முன்னால் நத்தையையும் நண்டையும் வைத்தார். இரண்டு கைகளிலும் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு, ஒரே மூச்சில் பலகையின் இரு பக்கமும் ஓர் உயிரினத்தின் இடப்பாதியையும் வலப்பாதியையும் வரைந்து காட்டினார். பேச்சைக் கொண்டு விளக்க முடியாததை அந்தப் படங்கள் விளக்கின.

அக்டோபரில் பரிணாமக் கொள்கையைப் பற்றி அவர் பொதுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். இதற்கு முன்னரே டோக்கியோ மருத்துவப் பள்ளியில் ஹில்கெண்டார்ஃப் என்ற ஜெர்மானிய ஆசிரியர் டார்வினைப் பற்றித் தம் மாணவர்களுக்குக் கூறியிருந்தார். ஆனால் பெருந்திரளான மக்கள் முன்னிலையில் அக்கொள்கையை விரிவாகப் பரப்பியவர் மோர்ஸ்தான். அமெரிக்காவில் இதைப் பேசினால் சமயத் தலைவர்களின் எதிர்ப்பைச் சமாளிக்க வேண்டும். ஜப்பானியர் அமைதியாகக் கேட்டார்கள், முடிவில் கைதட்டினார்கள். அது தமக்குப் பெரு மகிழ்ச்சியாக இருந்ததென்று மோர்ஸ் எழுதி வைத்தார். மாணவர்களுள் ஒருவரான இஷிகாவா சியோமாட்சு, அவருடைய பரிணாமப் பாடங்களைக் குறிப்பெடுத்து, ஜப்பானிய மொழியில் 1883இல் நூலாக வெளியிட்டார்.

கைதட்டலோடு கதை முடிந்துவிடவில்லை. அறிவியல் கொள்கை ஒன்று எளிதில் ஏற்கப்படுவதாலேயே சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று ஆகிவிடாது. அதே பல்கலைக் கழகத்தின் தலைவராக இருந்த காதோ ஹிரோயுகி, 1882இல் ஒரு நூல் எழுதினார். வலியது வெல்லும் என்பதே இயற்கையின் விதி. ஆகவே மனிதர் எல்லோரும் பிறப்பிலேயே உரிமை உடையவர்கள் என்பது வெறுங்கற்பனை என்று அதில் வாதிட்டார். நத்தை ஓட்டில் கண்ட உண்மையை மனித சமுதாயத்தின் மேல் சுமத்தும் இப்பிழை ஜப்பானில் மட்டும் நடந்ததன்று; ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அக்காலத்தில் பெருகியிருந்தது.

மேடு பேசியது

புகைவண்டியிலிருந்து கண்ட கிளிஞ்சல் அடுக்கு மோர்ஸின் மனத்தை விட்டு அகலவில்லை. தமக்கு முன்னால் வேறு யாராவது தோண்டிவிடுவார்களோ என்ற அச்சமும் இருந்தது. 1877 செப்டம்பர் 16ஆம் நாள், சில மாணவர்களை அழைத்துக்கொண்டு ஓமோரிக்குப் புகைவண்டி ஏறினார். நிலையத்தில் இறங்கித் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து மேட்டை அடைந்தார்கள். முதல் நாள் கைகளாலேயே கிளறியதில் பானையோடுகள் குவிந்தன. அடுத்த வாரங்களில் ஆட்களை வைத்து முறையாகத் தோண்டினார்கள். தெற்கே நடந்துவந்த உள்நாட்டுப் போர் செப்டம்பர் 24ஆம் நாள் முடிந்தது. அந்த நாட்களில்தான் ஜப்பானின் தொல்பொருள் ஆராய்ச்சி தொடங்கியது.

கிளிஞ்சல் மேடு என்றால் என்ன? கடலோரத்தில் வாழ்ந்த பழங்கால மக்கள் நாள்தோறும் சிப்பிகளைத் தின்று ஓடுகளை ஒரே இடத்தில் கொட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொட்டியது மேடாக உயர்ந்தது. மொத்தத்தில் அது அவர்களுடைய குப்பைமேடு. டென்மார்க் அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இத்தகைய மேடுகளை ஆராய்ந்து, அவை மனிதர் ஆக்கியவை என்று காட்டியிருந்தார்கள். அமெரிக்கக் கடற்கரையில் ஜெஃப்ரீஸ் வைமன் என்பவரோடு சேர்ந்து மோர்ஸும் இத்தகைய மேடுகளைப் பார்த்துப் பழகியிருந்தார். ஓடும் வண்டியிலிருந்து அவர் அதை அடையாளம் கண்டதன் காரணம் இதுதான். பழகிய கண்ணுக்கு முன்னால்தான் புதிய பொருள் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

குப்பைமேடு அறிவியலாளருக்குக் கருவூலம். ஜப்பானின் நிலப்பரப்பில் பெரும்பகுதி எரிமலைச் சாம்பல் கலந்த மண். அது புளிப்புத் தன்மை, அதாவது அமிலத் தன்மை உடையது. அதில் புதையும் எலும்பு நாளடைவில் கரைந்து மறைந்துவிடும். ஆனால் கிளிஞ்சல் ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. மழைநீரில் கரைந்து இறங்கும் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பை மாற்றுகிறது. ஆகவே மேட்டுக்குள் எலும்புகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் கிடக்கின்றன. ஓமோரியில் மான், காட்டுப்பன்றி முதலியவற்றின் எலும்புகளும், எலும்பிலும் கொம்பிலும் செய்த கருவிகளும், சில கற்கருவிகளும், மட்பாண்டங்களும் கிடைத்தன. உலோகம் எதுவும் கிடைக்கவில்லை.

மட்பாண்டங்களின் மேற்புறத்தில் ஒருவகைக் கோலம் காணப்பட்டது. ஈரக் களிமண்ணின் மேல் முறுக்கிய கயிற்றை அழுத்தியும் உருட்டியும் பதித்த தடம் அது. மோர்ஸ் அதைக் கயிற்றுத்தட மட்பாண்டம் என்று ஆங்கிலத்தில் குறித்தார். அந்தக் கருத்தே பின்னர் ஜப்பானிய மொழியில் ‘ஜோமோன்’ என்று நிலைத்தது. ‘ஜோ’ என்றால் கயிறு. ‘மோன்’ என்றால் கோலம். இன்று ஜப்பானியரின் வரலாற்றுக்கு முற்பட்ட ஒரு நெடுங்காலப் பகுதிக்கு ஜோமோன் காலம் என்றே பெயர்.

கிளிஞ்சல்களையும் மோர்ஸ் சும்மா விடவில்லை. அவற்றை இனம் பிரித்து, அன்றைய டோக்கியோ விரிகுடாவில் உயிரோடு இருந்தவற்றோடு ஒப்பிட்டார். சில இனங்களின் வடிவ அளவுகள் மாறியிருந்தன. மேட்டில் மலிந்திருந்த ஓர் இனம் அருகிலுள்ள கடலில் காணப்படவே இல்லை. வெப்பமான தெற்குக் கடலில்தான் வாழ்ந்தது. மேடும் கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்தது. மனிதர் மட்டுமன்றிக் கடலும் கரையும் உயிரினங்களும் மாறியிருக்கின்றன என்பதற்கு இவை சான்றுகள். இந்த ஒப்பீட்டைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் கடுமையான மறுப்பு எழுந்தபோது, மோர்ஸின் விடையை 1880இல் அவ்விதழுக்கு அனுப்பி வைத்து ஆதரவு தந்தவர் டார்வினே ஆவார்.

1877 டிசம்பரில் ஓமோரிப் பொருட்கள் ஜப்பானியப் பேரரசரின் பார்வைக்கு வைக்கப்பட்டன. 1879இல் ஆராய்ச்சி அறிக்கை நூலாக வந்தது. பல்கலைக் கழகத்தின் அறிவியல் துறை வெளியிட்ட முதல் ஆய்வு நூல் அது. அதே ஆண்டில் ஜப்பானிய மொழியிலும் வெளிவந்தது. மோர்ஸின் யோசனைப்படி அந்நூலை உலகின் பல கல்விக் கழகங்களுக்கு அனுப்பி, அதற்கு ஈடாக அவர்களுடைய வெளியீடுகளைப் பெற்றார்கள். குப்பைமேட்டுப் பானையோடு ஒரு நூலகத்துக்குப் புத்தகம் சேர்த்தது!

ஆசிரியர் செய்த பிழைகள்

ஓமோரியில் மனித எலும்புகளும் கிடைத்தன. அவை விலங்கு எலும்புகளைப் போலவே உடைந்து சிதறிக் கிடந்தன. ஆகவே அங்கு வாழ்ந்தவர்கள் மனித ஊன் தின்றவர்கள் என்று மோர்ஸ் முடிவு கட்டினார். அவர்கள் இன்றைய ஜப்பானியரின் முன்னோரும் அல்லர், வடக்கே வாழும் ஐனு மக்களின் முன்னோரும் அல்லர். அவர்களுக்கெல்லாம் முற்பட்ட வேறோர் இனம் என்றும் கருதினார்.

இம்முடிவுகள் நிலைக்கவில்லை. இறந்தவர்களைக் கிளிஞ்சல் மேடுகளிலேயே புதைக்கும் வழக்கம் ஜோமோன் மக்களுக்கு இருந்ததென்று பின்னர் தெரிய வந்தது. உடைந்து கலந்த எலும்பு மட்டும் ஊன் தின்றதற்குச் சான்றாகாது. மரபணு ஆராய்ச்சி வந்த பிறகு, ஜோமோன் மக்களின் மரபு இன்றைய ஜப்பானியரிடம் ஓரளவும், ஐனு மக்களிடம் மிகுதியாகவும் தொடர்ந்து வருவது தெளிவாகியுள்ளது. அயலார் என்று மோர்ஸ் நினைத்தவர்கள் அந்நாட்டாரின் முன்னோர்களே.

இன்னொரு குறையும் உண்டு. தோண்டிய இடம் எதுவென்று அவர் நூலில் திட்டமாகக் குறிக்கவில்லை. அதன் விளைவாக, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒன்றுக்கொன்று சற்றுத் தொலைவில் இரண்டு நினைவுக் கற்கள் எழுந்தன. நில உரிமையாளருக்கு இழப்பீடு கொடுத்த பழைய ஆவணம் கிடைத்த பின்னரே சரியான இடம் உறுதிப்பட்டது. எதைக் கண்டோம் என்பதோடு எங்கே கண்டோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்ற பாடத்தை அந்த இரண்டு கற்கள் நமக்குச் சொல்கின்றன.

ஓமோரி எழுப்பிய பெரிய கேள்வி வேறு. ஜப்பானியப் பேரரசர் குலம் கதிரவத் தேவதையின் வழிவந்தது, முதற்பேரரசர் கி.மு. 660இல் அரியணை ஏறினார் என்பது பழைய நூல்களின் கூற்று. மெய்ஜி அரசு தன் அதிகாரத்துக்கு அதையே அடிப்படையாகக் கொண்டது. மண்ணுக்கடியில் கிடைத்த மட்பாண்டமோ வேறு கதை சொன்னது. அறிஞர்கள் இதை ஆராயத் தடையில்லை. ஆனால் எல்லை மீறினால் ஆபத்து இருந்தது. 1892இல் வரலாற்றுப் பேராசிரியர் குமே குனிதாகே, நாட்டின் பழைய வழிபாட்டைப் பற்றி ஆராய்ச்சி நோக்கில் எழுதியதற்காகப் பதவி இழந்தார். பள்ளிப் பிள்ளைகளின் அரசுப் பாடநூலில் வரலாறு தேவர்களிலிருந்தே தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் தோற்ற பிறகு, 1946ஆம் ஆண்டுப் பாடநூலில்தான் கற்கால மனிதர் முதற்பக்கத்துக்கு வந்தார்கள். மாணவர்கள் மண்ணிலிருந்து கையால் எடுத்த உண்மை, குழந்தைகளின் புத்தகத்தை அடைய 69 ஆண்டுகள் ஆயின.

1949இல் கதிரியக்கக் கார்பன் முறை கண்டறியப்பட்டதும் காலத்தை அளக்கவும் வழி பிறந்தது. ஓமோரி மேடு ஏறத்தாழ 3,500 முதல் 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஆனால் ஜோமோன் மரபின் மிகப் பழைய மட்பாண்டங்கள் சுமார் 16,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. உலகின் மிகத் தொன்மையான மட்பாண்டங்களுள் அவை இடம்பெறுகின்றன.

மாணவர்கள் தனியே நடந்தார்கள்

ஓர் ஆசிரியரின் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது? 1879ஆம் ஆண்டு மோர்ஸின் மாணவர்களான இஜிமா இசாவோ, சசாகி சூஜிரோ ஆகிய இருவரும் இபராகி மாவட்டத்தில் ஒகாதைரா என்ற இடத்தில் இன்னொரு கிளிஞ்சல் மேட்டைத் தோண்டினார்கள். ஆசிரியர் உடனில்லை. ஜப்பானியர் தாமாகவே நடத்திய முதல் அறிவியல் முறை அகழாய்வு அதுவே. அறிக்கையையும் தாங்களே எழுதி 1883இல் வெளியிட்டார்கள். இஜிமா பிற்காலத்தில் தம் பல்கலைக் கழகத்திலேயே விலங்கியல் பேராசிரியர் ஆனார். சசாகி பூச்சியியலில் புகழ் பெற்றார்.

மோர்ஸ் தம்மோடு நில்லாமல் வேறு நல்லாசிரியர்களையும் அழைத்து வந்தார். அவர் பரிந்துரையால் 1878இல் வந்த இயற்பியல் பேராசிரியர் மெண்டன்ஹால், 1880இல் மாணவர்களோடு ஃபூஜி மலையுச்சியில் ஏறி, ஊசலைக் கொண்டு புவிஈர்ப்பை அளந்தார். மோர்ஸுக்குப் பின் விட்மன் என்ற அமெரிக்கர் விலங்கியல் பேராசிரியராக இருந்தார். அவரை அடுத்து அந்த இடத்துக்கு வந்தவர் மித்சுகுரி காகிச்சி என்ற ஜப்பானியர். எனோஷிமாக் குடிசை விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல், 1886இல் மிசாகி என்னும் ஊரில் நிலையான கடலுயிர் ஆய்வுக்கூடம் அமைத்தவர் அவரே. கூலிக்கு வந்த ஆசிரியர்களுக்குக் கொடுத்த ஒப்பந்தக் காலம் வீணாகவில்லை.

மாணவராகிய ஆசிரியர்

கற்பிக்க வந்தவர் கற்றுக்கொண்டதும் ஏராளம். ஜப்பானிய மட்பாண்டங்களின் வகையையும் காலத்தையும் கண்டறியும் கலையை, நினாகவா நோரிதானே என்ற அறிஞரிடம் மோர்ஸ் மாணவராக அமர்ந்து பயின்றார். பிற்காலப் பயணத்தில் தேநீர்ச் சடங்கைக் கற்றார். நோ என்னும் பழைய நாடகத்தின் பாட்டையும் பயின்றார். கால் மரத்துப்போகத் தரையில் மண்டியிட்டு அமர்ந்து கற்ற துன்பத்தை நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார்.

ஹிரோஷிமாவில் ஒருமுறை, வெளியூர் போகுமுன் தம் பணத்தையும் கடிகாரத்தையும் பாதுகாக்கும்படி விடுதிக்காரரிடம் கேட்டார். பணிப்பெண் ஒரு தட்டைக் கொண்டுவந்து, அதில் அவற்றை வைக்கச் சொன்னாள். பூட்டில்லாத அந்த அறையின் தரையிலேயே தட்டு திறந்தபடி கிடந்தது. அவர் திரும்பி வந்து பார்த்தபோது, கடைசிச் சில்லறை வரை வைத்தது வைத்தபடி இருந்தது. சொல்லிக் கொடுக்க வந்த தம் நாட்டுக்கும் அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு என்று மோர்ஸுக்கு இவை உணர்த்தின.

புதுமை வேகத்தில் ஜப்பானியர் தம் பழைய பொருட்களைத் தள்ளிவிடுவதை அவர் கவனித்தார். சீப்பு, செருப்பு, விளக்கு, கருவி, பொம்மை எனச் சாமானியர் வீட்டுப் பொருட்களை ஆயிரக்கணக்கில் சேகரித்தார். அவை அமெரிக்காவின் சேலம் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. ஏறத்தாழ 5,000 மட்பாண்டங்கள் 1892இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய மக்களின் குப்பையில் வரலாற்றைப் பார்த்தவருக்கு, நேற்றைய மக்களின் செருப்பிலும் வரலாறு தெரிந்ததில் வியப்பில்லை.

1923 செப்டம்பர் முதல் நாள் டோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதைத் தொடர்ந்த தீயில் பல்கலைக் கழக நூலகம் எரிந்து சாம்பலாயிற்று. செய்தி கேட்ட மோர்ஸுக்கு வயது 85. அவர் தம் உயிலை மாற்றி எழுதினார். 1925 டிசம்பர் 20ஆம் நாள் அவர் மறைந்தபோது, தாம் வாழ்நாள் முழுதும் சேர்த்த சுமார் 12,000 நூல்களும் டோக்கியோப் பல்கலைக் கழகத்துக்குச் சென்றன. இரு கைகளாலும் ஒருங்கே வரைந்த திறன் எப்படி வந்ததென்று பிறர் ஆராயட்டும் என்று தம் மூளையையும் ஓர் ஆய்வு நிலையத்துக்கு எழுதி வைத்திருந்தார்.

ஓமோரி மேட்டை வெட்டிச் சென்ற அதே தடத்தில் இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. பக்கத்தில் மோர்ஸின் சிலையுடன் ஒரு பூங்கா இருக்கிறது. அது அமைந்துள்ள ஷினகாவா வட்டமும் அவர் பிறந்த போர்ட்லண்ட் நகரமும் 1984 முதல் தோழமை நகரங்கள்.

மோர்ஸ் கூறிய முடிவுகளில் சில பொய்த்தன. அவற்றைத் திருத்தியவர்கள் பெரும்பாலும் அவர் தொடங்கிவைத்த துறையில் வந்தவர்களே. அகாசியின் மாணவர் அகாசியைத் திருத்தினார். மோர்ஸின் வழிவந்தோர் மோர்ஸைத் திருத்தினார்கள். நம் ஊர்ப் பக்கமும் சாலைக்கும் கிணற்றுக்கும் மண்ணை வெட்டுகிறார்கள். வெட்டிய சரிவில் எத்தனையோ அடுக்குகள் தெரிகின்றன. அடுத்த முறை அப்படி ஓரிடத்தைக் கடக்கும்போது, ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.